கஜா புயலுக்குப் பின் தென்னைக் குடும்பங்கள்: பட்டுக்கோட்டை – பேராவூரணி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், காவிரிப் படுகையின் தென்பகுதியில் தென்னையை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த சிற்றூர்க் குடும்பங்களின் பொருளாதார அடித்தளத்தை ஓரிரவில் சிதைத்தது. இதே கடற்கரை 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளிலும் பெரும் புயல்களைக் கண்டுள்ளது. எனினும், ஒரு புயல் குடும்பத்திடமிருந்து எதனைப் பறிக்கின்றது என்பது காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. அந்நிலத்தில் என்ன பயிர் நின்றது என்பதையும் பொறுத்தது. ஆண்டுப் பயிரிலிருந்து நீண்டகாலப் பயிருக்கு இவ்வட்டாரம் மாறியதால், புயலிழப்பின் காலஅளவு ஒரு பருவத்திலிருந்து ஏறத்தாழ ஒரு குழந்தையின் பள்ளிப்பருவம் வரை நீண்டுவிட்டது என்பதும், நிவாரண முறை இம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: கஜா புயல், தென்னை, காவிரிப் படுகை, சிறு விவசாயக் குடும்பம், நிவாரணம், மீள்நடவு.

முன்னுரை

தென்னங்கன்றைத் தமிழர் 'தென்னம்பிள்ளை' என்றே வழங்குவர். இவ்வழக்குக்கு நெடிய மரபுண்டு. ஓரறிவுயிர்களின் இளமைப்பெயர்களாகப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகியவற்றைத் தொல்காப்பிய மரபியல் ஏற்கின்றது. மரத்தின் இளமையையும் மனிதரின் இளமையையும் ஒரே சொல்லால் குறிப்பதில் ஓர் உறவுமுறை அடங்கியுள்ளது. நட்டவர் பல ஆண்டுகள் வளர்க்க வேண்டும். வளர்ந்தபின் அது நட்டவரையும் அவர்தம் மக்களையும் காக்கும். நெட்டை இரகத் தென்னை அறுபது ஆண்டுகளுக்கு மேலும் காய்க்க வல்லது. ஆகவே ஒரு தோப்பு என்பது பெரும்பாலும் ஒரு தலைமுறை நட்டு மறுதலைமுறை உண்ணும் சொத்தாகும்.

இத்தகைய சொத்து திடீரென அழிந்தால் ஒரு குடும்பம் எவ்வாறு மீள்கின்றது? இவ்வினா இயற்கைப் பேரிடர்கள் பற்றிய எழுத்துகளில் போதிய இடம் பெறவில்லை. பேரிடர் வரலாறு வழக்கமாக இறந்தோர் எண்ணிக்கை, காற்றின் வேகம், அரசு ஒதுக்கிய தொகை ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படுகின்றது. இவை முதல் சில வாரங்களின் வரலாறு. அதன்பின் வரும் ஆண்டுகளின் வரலாறு வீட்டிற்குள் நிகழ்வது. அடகுச் சீட்டிலும், மகனின் பயணச் சீட்டிலும், மகளின் கல்லூரிச் சேர்க்கையிலும் பதிவாவது. அந்த இரண்டாம் வரலாற்றை அணுகுவதற்கான ஒரு சட்டகத்தை அமைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசின் நிவாரண அறிவிப்புகள், அக்கால நாளிதழ்ச் செய்திகள், தென்னை வேளாண்மை குறித்த தொழில்நுட்பச் செய்திகள், வட்டாரச் சொல்வழக்கு ஆகியன இதற்குத் துணையாகக் கொள்ளப்பட்டுள்ளன. இங்குப் பேசப்படும் 'ஓர் ஏக்கர்க் குடும்பம்' குறிப்பிட்ட எவரையும் சுட்டுவதன்று; கணக்கிடுவதற்காக அமைத்துக்கொண்ட ஓர் அலகு மட்டுமே.

புயல்களின் கடற்கரை

வடகிழக்குப் பருவக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல்களுக்கு நாகப்பட்டினம் முதல் அதிராம்பட்டினம் வரையிலான கரை புதியதன்று. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தையொட்டி ஒரு கடும்புயல் கரை கடந்தது. மூன்றே ஆண்டுகளில், 1955 டிசம்பர் தொடக்கத்தில், பட்டுக்கோட்டைப் பகுதியின் இராஜாமடம் அருகே மற்றொரு புயல் கடல்நீரை ஊருக்குள் கொண்டு வந்தது. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கரை கடந்த புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையும் நாகப்பட்டினம் மாவட்டத்தையே தமிழகத்தில் மிகுதியாகத் தாக்கியது.

இப்புயல்கள் அனைத்தும் உயிரைக் குடித்தன, கால்நடையைக் கொன்றன, கூரையைப் பிய்த்தன. ஆயினும், உள்நாட்டு விவசாயக் குடும்பத்தின் நோக்கில் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. காவிரிப் படுகையின் பெருவாரியான நிலம் நெல் விளைந்த நிலம். சம்பா பயிர் மூழ்கினால் அவ்வாண்டு போயிற்று, கடன் ஏறிற்று. ஆனால் நிலம் அப்படியே இருந்தது. தண்ணீர் வடிந்தபின் உழுது, விதைநெல் தேடி, அடுத்த பருவத்திற்கு நாற்றுவிட முடிந்தது. இழப்பின் நீளம் ஒரு பருவம், மிஞ்சிப்போனால் இரண்டு.

தென்னை அக்காலத்திலும் இங்கு இருந்தது. சோழநாட்டு வளத்தைக் கூறும் பட்டினப்பாலையிலேயே தெங்கு இடம்பெறுகின்றது. தென்னையின் அடித்தண்டையும் வேரையும் அழுகச் செய்யும் நோய் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று பெயர் பெற்றமைக்குக் காரணம், 1950களின் புயல்களை அடுத்துத் தஞ்சைக் கடலோரத் தோப்புகளில் அது கவனிக்கப்பட்டதேயாகும். புயல் போன பின்னும் அதன் பாதிப்பு மரத்திற்குள் தொடர்கின்றது என்பதற்கு இஃது ஒரு பழைய சான்று. ஆனால் அன்று தென்னை பல வருவாய்களுள் ஒன்றாக இருந்ததே தவிர, ஒரு வட்டாரத்தின் முழு அடித்தளமாக இருக்கவில்லை.

தோப்பாக மாறிய வயல்

1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபோது, காவிரி – மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாகக் கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. மக்கள் இதனைப் 'புது ஆறு' என்றனர். பழைய படுகைக்கு வெளியே மேட்டுப்பாங்காகக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் இதனால் காவிரி நீரைப் பெற்றன. ஆயினும் இவை கால்வாயின் கடைமடைப் பகுதிகள். மேட்டூரில் நீர் குறைந்தால் முதலில் வறண்டவை இவையே. காவிரி நீர்ப்பங்கீட்டுச் சிக்கல் முற்றிய இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கால்வாயை நம்பி ஆண்டுதோறும் நெல் நடுவது கடைமடை விவசாயிக்குச் சூதாட்டமாயிற்று.

இந்நிலையில் தென்னை பல வகையில் ஏற்றதாகத் தோன்றியது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு தோப்பைக் காக்கலாம். நடவு, களை, அறுவடை எனப் பருவந்தோறும் ஆள் தேட வேண்டியதில்லை. ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள் முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை காய் வெட்டலாம். ஒவ்வொரு 'வெட்டு'க்கும் கையில் பணம் வரும். நெல் தருவது ஆண்டுக்கொரு முறை வரும் மொத்தப் பணம். தென்னை தருவது சம்பளம் போன்ற சீரான வரவு. குடும்பத்தில் ஒருவர் சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்றிருந்தால், வீட்டிலிருக்கும் பெண்களும் முதியோரும் ஆள்விட்டுத் தோப்பைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. வறட்சியை ஓரளவு தாங்கும், ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்கும் என்னும் காரணங்களுக்காகத் தெரிவு செய்யப்பட்ட பாதுகாப்பான பயிர் இது.

இங்கு ஒரு வரலாற்று முரண் வெளிப்படுகின்றது. நீர் இல்லாமை என்னும் ஆண்டுதோறும் வரக்கூடிய சிறிய ஆபத்திலிருந்து தப்பும்பொருட்டு, பல்லாண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய ஆபத்தின் வாயில் குடும்பங்கள் தம்மை அறியாமலே நின்றன. 1977க்குப் பின் பெரும் புயல் எதுவும் இவ்வட்டாரத்தின் உட்பகுதியை இந்த அளவுக்கு ஊடுருவாமையால், நாற்பதாண்டுகள் இவ்வாபத்து புலப்படவில்லை. முன்னெச்சரிக்கை ஒன்று வடக்கே இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. மரப்பயிர் சாய்ந்தால் குடும்பம் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை அம்மக்கள் ஏழாண்டு முன்னரே அறிந்திருந்தனர்.

2018 நவம்பர் 16

'கஜா' என்பது இலங்கை அளித்த பெயர்; யானை என்பது பொருள். ஐப்பசியும் கார்த்திகையும் கூடும் பொழுதில், நள்ளிரவைக் கடந்து, நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே இப்புயல் கரை கடந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். 1977ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் உயிரிழப்பு பெரிதும் குறைந்தமைக்கு வானிலை முன்னறிவிப்பும் இந்த ஏற்பாடும் காரணங்களாகும். ஆயினும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பதை மறத்தற்கில்லை.

மனிதரை முகாமுக்கு அழைத்துச் செல்லலாம். மரத்தை அழைத்துச் செல்ல இயலாது. கரை கடந்தபின் வலுவிழக்கும் என்று மக்கள் எதிர்பார்த்த புயல், உட்பகுதியிலும் சீற்றம் குறையாமல் திருவாரூர், தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதி, புதுக்கோட்டை வழியே மேற்கு நோக்கிச் சென்றது. வேதாரண்யத்தில் உப்பளங்களும் மாந்தோப்புகளும், புதுக்கோட்டை மாவட்டத்தில் பலா, வாழை, மலர்த்தோட்டங்களும், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகளும் பேரழிவுக்கு உள்ளாயின. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன.

மின்கம்பம் சாய்ந்ததன் பொருள் இருள் மட்டுமன்று. இப்பகுதிகளில் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்படுகின்றது. மின்சாரம் இல்லையேல் குடிநீர் இல்லை. ஆதலால் பல ஊர்களில் மக்கள் பணம் திரட்டி, வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து, முறைவைத்துத் தண்ணீர் இறைத்தனர். முதல் வாரங்களில் குடும்பத்தின் முழு உழைப்பும் நீர், வெளிச்சம், கூரை ஆகிய மூன்றிற்கே செலவாயிற்று. சாலையில் விழுந்த மரங்களை அந்தந்த ஊர் இளைஞர்களே அறுத்து வழியமைத்தனர். உதவி வந்து சேரத் தாமதமான ஊர்களில் சாலை மறியல்கள் நடந்தன. இக்குடும்பங்கள் புயலுக்கு முன்பே களைத்திருந்தன என்பதையும் கருத வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. வறட்சியில் ஊற்றிக் காத்த மரங்களையே புயல் கொண்டுபோயிற்று.

நிவாரணத்தின் கணக்கும் வீட்டின் கணக்கும்

சேதத்திற்கு ஏறத்தாழ ரூ. 15,000 கோடி தேவை என மாநில அரசு மத்திய அரசிடம் கோரியது. 2018 டிசம்பர் இறுதியில் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ரூ. 1,146.12 கோடி ஒதுக்கப்பட்டது. தென்னைக்கென மாநில அரசு அறிவித்த இழப்பீடு, மரம் ஒன்றுக்கு ரூ. 600, அதனை வெட்டி அகற்ற ரூ. 500, ஆக ரூ. 1,100 என்பதாகும். ஒரு ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்னும் கணக்கில் ரூ. 1,92,500 வழங்கப்படும் என்று கூறப்பட்டது.

இத்தொகை ஒரு வீட்டிற்குள் என்ன பொருள் பெறுகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இருபத்தைந்து அடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். அவை அனைத்தும் சாய்ந்த குடும்பம் ரூ. 77,000 பெறும். இதில் ரூ. 35,000 அகற்றும் செலவுக்கு உரியது. எஞ்சும் ரூ. 42,000தான் மரங்களின் விலை. நன்கு பேணப்பட்ட மரம் ஆண்டுக்கு 80 காய் தருவதாகவும், காய்க்கு ரூ. 10 கிடைப்பதாகவும் கொண்டால், அத்தோப்பின் ஆண்டு வரவு ரூ. 56,000. ஏறுகூலி, உரம், நீர் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் வீட்டிற்கு வருவது ஏறத்தாழ ரூ. 37,000. ஆகவே மரத்துக்கான இழப்பீடு, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட வருவாய்க்கே ஈடாகும்.

காத்திருக்க வேண்டிய காலமோ வேறு. நெட்டை இரகம் நட்டு ஆறு முதல் எட்டு ஆண்டுகளில்தான் பாளை விடும். நெட்டை – குட்டை ஒட்டு இரகம் நான்கு, ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலுக்கு அதன் பின்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஏழாண்டு என்று கொண்டாலும், இழக்கப்படும் வருவாய் இரண்டரை இலட்சம் ரூபாயைத் தாண்டுகின்றது. இழப்பீடு அதில் ஆறில் ஒரு பங்கு. விலையும் விளைச்சலும் மாறினால் இவ்வெண்கள் மாறும். ஆனால் விகிதத்தின் இயல்பு மாறாது. அரசு எண்ணியது மரங்களை. வீடு எண்ணியது ஆண்டுகளை. இவ்விரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் குடும்பத்தின் பிந்தைய வாழ்க்கை அமைகின்றது.

கணக்கெடுப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. சாய்ந்த மரம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குருத்து முறுக்கப்பட்டு, வேர் அசைந்து, நின்றபடியே சில மாதங்களில் பட்டுப்போகும் மரம் கணக்கெடுப்பு நாளில் உயிருள்ள மரமாகவே தோன்றும். தப்பிய மரங்களும் குரும்பைகளை உதிர்த்து, பழைய விளைச்சலுக்குத் திரும்ப நாளாகும். புயலின் சேதம் ஒரே நாளில் முடிவதன்று. அதனைப் பதியும் படிவமோ ஒரே நாளுக்கு உரியது.

பதிவேட்டில் இல்லாத கைகள்

மரத்திற்கு இழப்பீடு என்னும்போது அது நிலத்தின் வழியே செல்கின்றது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் பட்டாவுமே அதற்கு ஆதாரங்கள். பாகம் பிரிக்கப்படாத கூட்டுப் பட்டா, இறந்துபோன தந்தையின் பெயரிலேயே நிற்கும் பட்டா, வாய்மொழிக் குத்தகை ஆகியன சிற்றூர்களில் இயல்பானவை. அமைதிக் காலத்தில் இவை எவர்க்கும் இடையூறு செய்வதில்லை. பேரிடர்க் காலத்தில் இவையே அண்ணன் தம்பியருக்கிடையே வழக்காக மாறக்கூடியவை.

அதனினும் ஆழமான சிக்கல், மரமே இல்லாத குடும்பங்களைச் சார்ந்தது. ஒரு தென்னந்தோப்பு அதன் உரிமையாளரை மட்டும் காப்பதன்று. மரமேறுவோர், காய் உரிப்போர், கொப்பரை உலர்த்துவோர், மட்டையை ஊறவைத்துக் கீற்று முடையும் பெண்கள், கயிற்றாலைத் தொழிலாளர், காய் ஏற்றும் வண்டிக்காரர் என ஒரு நீண்ட சங்கிலி அதனைப் பற்றி நிற்கின்றது. சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகள் தெங்கிலும் பனையிலும் ஏறும் உரிமையைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. மரத்தின் மீதான உரிமை என்பது நில உரிமையினின்று வேறானது என்னும் உணர்வு பழமையானது என்பதற்கு இது சான்று. 2018இன் இழப்பீட்டு முறையில் ஏறுவோருக்கு இடமில்லை. அவர்கள் இழந்த மரங்கள் அவர்கள் பெயரில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கீற்று முடையும் பெண்களின் நிலையில் ஒரு கொடிய நயம் உண்டு. புயலின் மறுநாள் ஊரெங்கும் மட்டைகள் குவிந்து கிடந்தன; கூரையிழந்த குடிசைகளுக்குக் கீற்றும் தேவைப்பட்டது. சில வாரங்கள் வேலை மிகுந்தது. அம்மட்டைகள் தீர்ந்தபின் வருவதற்கு மட்டை இல்லை. நில உடைமையாளர் அடுத்த அறுவடைக்கு ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்றால், இவர்களும் அதே ஏழாண்டு காத்திருக்க வேண்டும். இழப்பீடு என்னும் சிறு தாங்கல் கூட இன்றி.

வீடு மேற்கொண்ட வழிகள்

இந்நிலையில் குடும்பங்கள் மேற்கொண்ட வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, நிலத்தைத் துப்புரவாக்குதல். விழுந்த மரத்தை அப்படியே விட இயலாது. அழுகும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அது புதிதாக நட்ட பிள்ளையின் குருத்தைத் துளைக்கும். பழைய மரத்தை அகற்றாதவர் புதிய மரத்தை வளர்க்க முடியாது. ஆதலால் கையில் வந்த முதல் பணம் பொக்லைன் இயந்திர வாடகைக்கும் அறுப்புக் கூலிக்கும் சென்றது. ஒரே நேரத்தில் எல்லோரும் மரம் விற்க முயன்றதால் தண்டுக்கு விலை இல்லை. செங்கற்சூளைக்கு விறகாகப் போனது பெரும்பகுதி.

இரண்டாவது, இடைக்காலப் பயிர். மரநிழல் அகன்ற நிலத்தில் உளுந்து, கடலை, எள் ஆகியவற்றை விதைத்தல். முப்பதாண்டு நிழலில் கிடந்த மண்ணுக்கு மீண்டும் வெயில் விழுந்தது. தாத்தா காலத்துப் பயிருக்குப் பேரன் திரும்பினான் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பயிர்களைச் செய்வதற்கான ஏர், மாடு, கைப்பழக்கம் ஆகியன பெரும்பாலும் மறைந்திருந்தன.

மூன்றாவது, கடன். நகையடகு, கூட்டுறவுச் சங்கக் கடன், மகளிர் குழுக்கள் வழியான நுண்கடன் ஆகியன ஏற்கெனவே இருந்தவை. வெட்டுக்கு வெட்டு வரும் பணத்தை நம்பி வாங்கிய கடனுக்கு வெட்டு நின்றுபோனது, தவணை நிற்கவில்லை. தவணை கேட்பவர் வரும் நாளில் வாசலில் நிற்க வேண்டியவர் பெரும்பாலும் குடும்பத்தின் பெண்ணே. பயிர்க் காப்பீடு பெரிதும் நெல் முதலிய பருவப் பயிர்களைச் சார்ந்தது. தென்னைக்கெனத் தனிக் காப்பீட்டுத் திட்டம் உண்டெனினும், அதில் முன்கூட்டியே சேர்ந்திருந்தால்தான் பயன்.

நான்காவது, வெளியேற்றம். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்னும் வழிகள் இவ்வட்டாரத்தார்க்குப் பழையவை. கஜாவுக்கு முன் தோப்பு ஒரு வருவாயாகவும் வெளியூர்ச் சம்பளம் மற்றொன்றாகவும் இருந்தன. கஜாவுக்குப் பின் வெளியூர்ச் சம்பளமே தோப்பை வளர்க்க வேண்டிய நிலை வந்தது. மரம் மகனைக் காத்த காலம் போய், மகன் மரத்தைக் காக்கும் காலம் வந்தது.

இந்நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 2018இல் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமியை எண்ணிப் பார்க்கலாம். 2019 மழையில் அவள் வீட்டார் நட்ட நெட்டைத் தென்னம்பிள்ளை முதற்பாளை விடும் 2025 – 2027 காலத்தில் அவள் பள்ளிப்படிப்பை முடித்திருப்பாள். அவள் கல்வியின் செலவு கூடிய ஆண்டுகள் முழுவதும் தோப்பு வரவற்றுக் கிடந்த ஆண்டுகள். அவள் கல்லூரிக்குச் சென்றாளா என்பது கஜா வரலாற்றின் ஒரு பகுதி. எந்தச் சேத மதிப்பீட்டுப் படிவத்திலும் அதற்கான கட்டம் இல்லை.

புயலின் பெயரும் நினைவும்

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் வந்த புயல்களை மக்கள் ஆண்டைக் கொண்டே நினைவுகூர்ந்தனர். 1876ஆம் ஆண்டுப் பஞ்சம் 'தாது வருடப் பஞ்சம்' என நின்றது. ஆண்டு பேரிடருக்குப் பெயரானது. இன்று அம்முறை தலைகீழாகியுள்ளது: 'கஜா அடிச்ச வருசம்' என்னும் வழக்கில் பேரிடர் ஆண்டுக்குப் பெயராகின்றது. வீடு கட்டியது, பெண்ணுக்கு மணம் முடித்தது, பிள்ளை வெளிநாடு போனது ஆகியன 'கஜாவுக்கு முன்', 'கஜாவுக்குப் பின்' என இரண்டாகப் பிரிகின்றன. சிற்றூர்க் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர்க்கு இவ்வெல்லைக்கோடு ஒரு முதன்மையான சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, கஜாவின் கொடுமையை அதன் காற்று மட்டும் விளக்காது. கடைமடை நீரின்மையால் வயல் தோப்பான வரலாறே ஓரிரவின் காற்றைப் பல்லாண்டு இழப்பாக மாற்றியது. இரண்டு, ஆண்டுப் பயிரின் காலத்தில் உருவான நிவாரணச் சிந்தனை, அழிந்ததற்கு ஒருமுறை ஈடு தருவதோடு நின்றுவிடுகின்றது. நீண்டகாலப் பயிருக்கு வேண்டியது, புதிய மரம் காய்க்கும்வரை ஆண்டுதோறும் தொடரும் தாங்கல். மூன்று, தோப்பைப் பற்றி வாழ்ந்த நிலமற்றோர் கணக்கில் சேராதவரை எந்தச் சேத மதிப்பீடும் முழுமையாகாது.

பேரிடர்கள் பற்றிய முன்னறிவிப்பில் தமிழகம் 1977க்கும் 2018க்கும் இடையில் நெடுந்தொலைவு வந்துள்ளது. உயிர்களைக் காக்கக் கற்றுக்கொண்டதைப் போலவே, உயிர் தப்பியவர்கள் அதன்பின் வாழ வேண்டிய ஆண்டுகளைக் காக்கவும் கற்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை வகுத்த சட்டகத்தில், ஊர்தோறும் உள்ள குடும்பங்களின் வாய்மொழிச் சான்றுகளும் அடகுச் சீட்டு, கடன் அட்டை போன்ற வீட்டு ஆவணங்களும் தொகுக்கப்பட வேண்டும். கஜாவுக்குப் பின் நடப்பட்ட பிள்ளைகள் பாளை விடத் தொடங்கும் இக்காலமே அத்தொகுப்புக்கு ஏற்ற காலமாகும். காத்திருந்த ஆண்டுகளை நினைவிலிருந்து சொல்ல வல்லோர் இன்று நம்மிடையே உள்ளனர்.